துவைக்கப் போன ஏழு கற்கள்

2025 அக்டோபர் 8, புதன்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது. வடகிழக்கிலிருந்து ஈரக் காற்று அடித்தது, மழை இன்னும் இறங்கவில்லை. என் வேலியோரம் ஓர் ஆள் கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்கினான். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்த வாயோடு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன்.

மரக்காணத்தில் உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே போகும் மண் சந்தில் என் வீடு. உப்பு எடை போடும் மேடையில் முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்போது எண்ணுவதற்கு மூட்டை இல்லாததால் கண்ணில் படுவதை எண்ணுகிறேன். வேலிக்கு ஒன்பது சிமெண்ட் தூண். நீளம் அறுபத்திரண்டு அடி. உப்புக் காற்று சிமெண்டுக்குள் நுழைந்து உள்ளே இருக்கிற கம்பியைத் துரு பிடிக்க வைக்கும். துரு உப்பி தூணை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். ஒன்பதில் நான்கு தரையோடு ஒடிந்துவிட்டன. மற்ற ஐந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன, யார் முதலில் விழுவது என்பதுபோல. சந்தில் மொத்தம் பதினான்கு ஆடுகள், பதினான்கும் என் கத்தரிச் செடிக்கு வழி தெரிந்தவை.

தீபாவளிக்குள் கருங்கல் தூண் நட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பழைய தூண்களின் அடிக்கட்டை சிமெண்டோடு மண்ணுக்குள் இறுகிப்போய்விட்டது, பிடுங்கினால் வராது. அதனால் புதுக் குழியைப் பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். உள்ளே தள்ளி வெட்டினால் ஒன்றரை அடி நிலம் சந்துக்குப் போகும். அறுபத்திரண்டு அடிக்கு ஒன்றரை அடி என்றால் தொண்ணூற்று மூன்று சதுர அடி. வெளியே தள்ளி வெட்டினால் ஒன்றும் போகாது, கொஞ்சம் வரவும் செய்யும். இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே வெட்டச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன்.

குழி வெட்ட வந்தவன் எங்கள் சந்தின் கோடியில் குடியிருக்கும் உப்பளத் தொழிலாளி. மழை தொடங்கும் சமயம் அளத்தில் வேலை இருக்காது. மூன்று மாதம் கிடைத்த வேலையைச் செய்வான். நாற்பது வயதுக்காரன், வாய் நீளம். கையைப் பிடித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா சார், கடப்பாரைய எண்ணிப் பாக்கணுமா? ஒண்ணுதான் கீது."

அவனுக்குக் கேபிள் விஷயத்தைச் சொன்னேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கடற்கரையில் இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்று வந்தது. அவர்கள் தங்கள் மோட்டார்களுக்குச் சந்தோடு மண்ணுக்கடியில் ஒரு பெரிய மின்சாரக் கேபிளைக் கொண்டுபோனார்கள். காலையில் நான் வேலைக்குப் போகும்போது கேபிள் சுற்றிய பெரிய மர உருளை தெருமுனையில் நின்றது. சாயங்காலம் திரும்பும்போது பள்ளம் மூடியாகிவிட்டது. சந்தின் எந்தப் பக்கம் வெட்டினார்கள், என் வேலிப் பக்கமா எதிர்ச்சாரியா, எனக்குத் தெரியாது. உப்புத்தண்ணீர் ஊறிய மண்ணில், வெறுங்காலோடு நின்று, இரும்புக் கடப்பாரையால் அதைக் குத்தினால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும்.

"அதெல்லாம் ரெண்டு ஆள் ஆழத்துல கெடக்கும் சார்," என்றான் அவன். ஆனால் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டான். வைத்த வேகத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பண்ணைக்குப் போய்க் கேட்டேன். அங்கே மேற்பார்வைக்கு இருந்த இளைஞர் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. பள்ளம் வெட்டிய காண்ட்ராக்டர் எங்கே என்று அவருக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொன்னார்: கேபிள் போட்டபோது அதன் மேலேயே, இத்தனை அடிக்கு ஒன்று என்று, ஏழு அடையாளக் கல் நட்டதாகப் பழைய ஆட்கள் சொல்வார்களாம். இரண்டடி நீளச் சிமெண்ட் பலகைக் கல், முகத்தில் அம்புக்குறி போட்டது. "கல்லைப் பாத்து வெட்டுங்க சார்" என்றார்.

சந்து முழுக்க இரண்டு தடவை நடந்தேன். ஒரு கல்லும் இல்லை. மூன்றாவது தடவை நடக்கும்போது எதிர்வீட்டில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

எதிர்வீட்டுப் பெண்மணியின் கணவர் குவைத்தில் கடை வேலை பார்க்கிறார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்துகிறவள், கெட்டிக்காரி, என்னை மாமா என்பாள். குழாயடியில் அவள் துணியை அறைந்துகொண்டிருந்த கல் இரண்டடி நீளம் இருந்தது. வழவழவென்று, ஓரங்கள் நேராக, துவைப்பதற்காகவே பிறந்தது போல இருந்தது. ஓரத்தில் ஒரு கோடு தெரிந்தது, அம்பின் முனை போல.

கல் எங்கே வாங்கியது என்று கேட்டேன். துணியை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"எங்கம்மா வீட்டுச் சீரு மாமா."

அந்த அம்பு?

"அது கம்பெனி மார்க்கு."

மகளுக்குச் சீராகத் துவைக்கிற கல் கொடுக்கும் தாய் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று யோசித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனேன். தண்ணீர் கேட்டேன், குழாயடியைப் பார்த்தேன், கல் இருந்தது. அதை அவர்கள் திண்டிவனம் சந்தையில் வாங்கினார்களாம். அதற்கடுத்த வீட்டில் அது வீடு கட்டும்போதே இருந்ததாம். மதியத்துக்குள் ஆறு வீட்டில் ஆறு டம்ளர் தண்ணீர் குடித்து ஆறு கல்லைக் கண்டுபிடித்துவிட்டேன். அத்தனையும் இரண்டடி, அத்தனையும் அம்பு கீழே போகும்படி கவிழ்த்துப் போட்டவை. ஒருவர்கூட அது எங்கே நின்றது என்று சொல்லவில்லை. ஏழாவது கல் மட்டும் கிடைக்கவில்லை.

கல்லை எடுத்ததற்காக எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. சந்தில் கேட்பாரில்லாமல் நிற்கிற கல்லைவிடத் துவைக்க உதவுகிற கல் மேல். எனக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல்: கற்கள் நின்றது என் வேலிப் பக்கமா, எதிர்ச்சாரியா? அது தெரியாமல் அவனைக் குழிக்குள் இறக்க முடியாது. அவனுக்கோ கூலி ஓட வேண்டும். "நாளைக்கு வெட்டலன்னா நான் வேற வேலைக்குப் போறேன் சார்" என்று சொல்லிவிட்டான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கும் அதைக் கெட்ட யோசனை என்று சொல்ல மனம் வரவில்லை.

சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். சந்தின் பாதி ஆண்கள் அங்கேதான் இருப்பார்கள். யாரிடமும் சொல்லாமல், டீயை ஆற்றிக்கொண்டே, காற்றிடம் சொல்வதுபோலச் சொன்னேன்: இறால் பண்ணைக்காரர்கள் அடையாளக் கல்லைக் கணக்கெடுக்க வருகிறார்கள், கல் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்கு ஐயாயிரம் அபராதம். எங்கே இருந்து எடுத்தோம் என்று இப்போதே வந்து சொல்லிவிட்டால் என் பொறுப்பில் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். இதில் ஒரு வார்த்தை உண்மை இல்லை. ஐயாயிரம் என்பது கேட்கிறவர்கள் வாய்விட்டு மூச்சு வாங்கும் தொகையாக இருக்க வேண்டும் என்று நானே பொறுக்கி எடுத்தது. வீட்டுக்கு வந்து வாசலில் நாற்காலி போட்டு, வரிசையாக வந்து சொல்லப்போகிறவர்களுக்காகக் காத்திருந்தேன். என் மனைவி இரண்டு தடவை எட்டிப் பார்த்து, யாருக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

ஒருவரும் வரவில்லை.

காலையில் கதவைத் திறந்தால் சந்தில் கற்கள் நின்றன. எண்ணினேன். ஏழு. எதிர்ச்சாரி ஓரமாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரார்த்தனைக்கு நிற்பது மாதிரி நேர்வரிசையில், அம்புக்குறி எல்லாம் கடலைப் பார்த்தபடி. சில கற்களின் மேல் சோப்புநுரை இன்னும் காயவில்லை. ஒன்றில் நீலம் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது.

நான் திகைத்து நிற்கும்போதே குழி வெட்டுகிறவன் கடப்பாரையோடு வந்தான். கற்களைப் பார்த்தான். அதிசயப்படவே இல்லை.

"பாத்தீங்களா சார், கல்லு அந்தப் பக்கம் கீது. கேபிள் அந்தப் பக்கம். நம்ம பக்கம் ஒண்ணும் கிடையாது. தள்ளுங்க."

நான்காவது கட்டைக்கு வெளியே, நான் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்த இடத்தில் காலை அகட்டி நின்றுகொண்டான். வெறுங்கால். ராத்திரி தூறியதில் மண் ஈரமாக இருந்தது.

அந்தக் கற்கள் பொய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவற்றை அங்கே வரவழைத்ததே என் பொய். பயத்தில் கொண்டுவந்து நட்டவர்கள் பழைய இடத்தைத் தேடிக்கொண்டா நட்டிருப்பார்கள்? நேற்றுவரை சந்தில் அடையாளமே இல்லை, அதனால் ஆள் பயந்தான். இன்றைக்கு ஏழு அடையாளம் நிற்கிறது, ஆளுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது. வேண்டாம் என்றேன். காரணம் கேட்டான். காரணத்தைச் சொன்னால் டீக்கடை விஷயம் வெளியே வரும். ஜாதகம் சரியில்லை என்றேன். கடப்பாரை மேலே போனது.

நான் வட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டேன்.

எழுபத்தோரு வயதில் ஈர மண்ணில் சட்டென்று உட்காருவது எளிதல்ல, எழுந்திருப்பது அதைவிட. அவன் கடப்பாரையைப் பக்கவாட்டில் போட்டுவிட்டு என்னைத் தூக்கப் பார்த்தான். நான் வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெண்மணி வெளியே வந்தாள், பிறகு மற்ற வீட்டுக்காரர்கள். கொஞ்ச நேரத்தில் சந்தில் பதினேழு பேர். அத்தனை பேரும் ஒரு வட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் கிழவனைப் பார்த்தார்கள்.

எதிர்வீட்டுப் பெண்மணி என்னைப் பார்க்கவில்லை. தன் வாசற்படிக்கு ஒட்டி நின்ற கல்லைப் பார்த்தாள்.

"யாரு இத எங்க வாசல்ல நட்டது? அப்ப கரண்டு எங்க வாசலுக்குக் கீழயா போவுது? புள்ளைங்க வெறுங்கால்ல ஆடுதுங்க இங்க."

வேறு வழியில்லை என்று நான்தான் வாயைத் திறந்தேன். பண்ணையிலிருந்து யாரும் கணக்கெடுக்க வரவில்லை, ஐயாயிரம் என்பது நான் கட்டிவிட்டது, எல்லாம் கல் நின்ற இடத்தைத் தெரிந்துகொள்ளத்தான் என்று உட்கார்ந்தபடியே சொன்னேன். இவன் இந்த இடத்தில் கடப்பாரை போட்டு அடியில் கேபிள் இருந்தால் இவன் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வது என்றும் சொன்னேன்.

திட்டு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. ஒரு வீட்டுக்காரருக்கு ராத்திரி முழுக்க நெஞ்சு படபடத்ததாம். இன்னொரு வீட்டில் வெள்ளிக் கொலுசை அடகு வைப்பதுவரை பேசிவிட்டார்களாம். எதிர்வீட்டுப் பெண்மணி, வயசுக்கு ஒரு மரியாதை இருக்குது, அதனால சும்மா விடறேன் என்று சொல்லிவிட்டுச் சும்மா விடவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்திருப்பவனை யாரும் அடிப்பதில்லை.

திட்டு ஓய்ந்ததும் மறுபடி கேட்டேன்: அபராதம் இல்லை, சொல்லுங்கள், கல் எங்கே நின்றது?

அவர்கள் எல்லோரும் சேர்ந்தாற்போலக் குழி வெட்டுகிறவனைப் பார்த்தார்கள்.

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கேபிள் போட்ட இரண்டு மாதத்துக்குள், மழைக்காலத்தில் வேலையில்லாமல் இருந்த இவன் ஒரு கல்லைப் பெயர்த்து ஒரு வீட்டுக்குத் துவைக்கப் போட்டுக்கொடுத்திருக்கிறான். கூலி இருபது ரூபாய். அதைப் பார்த்த அடுத்த வீட்டுக்காரர் தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறார். இப்படி ஏழு கல்லும் இவன் கையால் போனவை. நேற்று ராத்திரி ஏழு வீட்டிலிருந்தும் ஆள் அனுப்பி, விடிவதற்குள் நட்டுவிடச் சொல்லி, கல்லுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தார்களாம்.

"அதுக்கு ஏம்பா அந்தப் பக்கம் நட்டே?" என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம் நட்டா உங்க வேலி வேல நின்னுபூடும் சார். உங்க நல்லதுக்குத்தான்."

"இந்தப் பக்கம்தான் இருந்ததுன்னு தெரிஞ்சுக்கிட்டேவா கடப்பாரையைத் தூக்கினே?"

அவன் தலையைச் சொறிந்தான். தெரியாதாம். ஏழு கல்லையும் ஏழு நாளில் பெயர்த்தான், எது எங்கே என்று பன்னிரண்டு வருஷம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும் என்றான். நேற்றே இதைச் சொல்லியிருந்தால் கல் திருடன் என்று பெயர் வந்திருக்கும். அதனால், ஆழத்தில்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்து நின்றுவிட்டான். ஐயாயிரத்தை ஏழால் பெருக்கினால் முப்பத்தையாயிரம் தன் தலையில் விழும் என்ற கணக்கும் அவன் மனசில் ஓடியிருக்கிறது. அந்தப் பெருக்கலை நான் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

அப்போதுதான் இன்னொரு எண்ணிக்கை எனக்கு உறைத்தது. நான் பார்த்தது ஆறு கல். அவன் நட்டது ஏழு வீட்டுக் கல். அவன் வீட்டை விட்டால், சந்தில் நான் தண்ணீர் குடிக்காத வீடு ஒன்றுதான்.

என் மனைவி வேலிக்கு அந்தப்புறம் நின்றுகொண்டிருந்தாள். நம் வீட்டுத் துவைக்கிற கல்லுக்கு என்னிடம் நூற்றைம்பது ரூபாய் வாங்கினாயே என்றேன்.

"ஆமாங்க. இருபது கூலி. மீதிய நீங்க கேக்கல."

நான் கேட்காத கணக்கு என்று என் வாழ்க்கையில் அது ஒன்றாகத்தான் இருக்கும். சந்து முழுக்கச் சிரித்தது. சிரிப்பு நின்றதும் அவளே மேலே சொன்னாள், அவனைப் பார்த்து: "எங்க கல்ல எடுக்கச்சேதானே உன் கால்ல போட்டுக்கிட்டே? நகம் பேந்து போயி நான் மஞ்சப்பத்து போட்டேனே. ஒண்ணு மறந்தாலும் அதுவா மறக்கும்?"

அவன் தன் வலது கால் பெருவிரலைக் குனிந்து பார்த்தான். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நகம் கோணலாக வளர்ந்திருந்தது. அவன் விரலைப் பார்த்தான், சந்தைப் பார்த்தான், கடைசியில் நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தான்.

"இன்னாங்க... இதே இடந்தான். வேலியப் புடிச்சிக்கினு ஒத்தக் கால்ல நின்னேன்."

எதிர்வீட்டுப் பெண்மணி அதற்குப் பிறகு மனம் இளகி, அம்மா வீட்டுச் சீரும் இதே வேலியோரம்தான், ஏழாவது தூணுக்கு எதிரே நின்றது என்றாள். இரண்டு கல் ஒரே பக்கம் என்றால் கோடு தெரிந்துவிட்டது.

தெரிந்தாலும் கண்ணால் பார்க்காமல் நம்பக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பண்ணைக்குப் போய்ச் சொன்னேன். அந்த இளைஞருக்கு, தன் பண்ணை பெயரில் நான் அபராதம் விதித்தது அதற்குள் தெரிந்துபோயிருந்தது. என்னைத் திட்டிய கையோடு ஆறு பேர் போய் அவரைக் கேட்டிருக்கிறார்கள். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார். ஆனாலும் கேபிளை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் ஜெனரேட்டரில் மோட்டார் ஓட்டுவதாகவும், டீசல் செலவு என்னுடையது என்றும் சொன்னார். மோட்டார் தொட்டிக்குள் அனுப்பும் காற்று நின்றால் இறால் குஞ்சு செத்துவிடும், அதற்கு மேல் ஒரு நிமிடம் தரமாட்டேன் என்றார். திரும்பி வந்து மறுபடி வட்டத்துக்குள் நின்றுகொண்டேன். மின்சாரம் நிறுத்திவிட்டதை அவரே வந்து நின்று உறுதி சொன்ன பிறகுதான் விலகினேன்.

கடப்பாரையை என் மனைவி உள்ளே கொண்டுபோய்ப் பூட்டிவிட்டாள். அவன் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, சின்ன மண்வெட்டியால் மண்ணைச் சீவிச் சீவி எடுத்தான். பிறகு அதையும் வைத்துவிட்டு உப்பு வாரும் மரப்பலகையால் வழித்தான். முழங்கால் ஆழம்கூட வரவில்லை. செங்கல் தட்டுப்பட்டது, ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கிய செங்கல். கேபிளுக்கு மேல் அப்படித்தான் மூடுவார்கள் என்றார் பண்ணை இளைஞர். ஒரு செங்கல்லைத் தூக்கினோம். மணலுக்குள் என் மணிக்கட்டுப் பருமனில் கறுப்பாகப் படுத்திருந்தது.

அவன் குழியோரத்தில் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். செங்கல்மேல் உள்ளங்கையை வைத்தான், எடுத்துக்கொண்டான். பிறகு மண்ணைத் தள்ளிக்கொண்டே, "ரெண்டு ஆள் ஆழம்னு எவன் சொன்னான்?" என்றான்.

வேலி உள்ளே போனது. ஒன்பது கருங்கல் தூணும் கட்டைக்கு ஒன்றரை அடி உள்ளே, கடப்பாரை இல்லாமல், தொண்ணூற்று மூன்று சதுர அடியைச் சந்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கின்றன. ஆடுகள் அந்தத் துண்டு நிலத்தில் படுத்து அசைபோடுகின்றன.

கல் விவகாரம் அத்தோடு முடியவில்லை. அடையாளக் கற்களை உரிய இடத்தில் நட்டாக வேண்டும், அதில் யாருக்கும் மறுப்பில்லை. அப்படியானால் துணியை எதில் துவைப்பது? ஏழு வீட்டுப் பெண்களும் கூடிப் பேசி, ஒரு ராத்திரி முழுக்கப் பயமுறுத்தியதற்காக அபராதம் எனக்குத்தான் என்று தீர்ப்பு சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு கருங்கல், பட்டை தீட்டியது. ஏழாவது என் வீட்டுக்கு. தீர்ப்பு சொன்ன கூட்டத்தில் என் மனைவியும் இருந்தாள். பழைய கற்களை மறுபடி பெயர்த்து வேலியோரம் நட, கல்லுக்கு ஐம்பது கேட்டான் அவன். அதே கற்களுக்கு அவன் வாங்கும் மூன்றாவது கூலி அது. பேரம் பேசிப் பார்த்தேன். காலை நீட்டிப் பெருவிரலைக் காட்டினான்.

தூணும் டெம்போவும் நாலாயிரத்து எண்ணூற்றைம்பது, முள்கம்பி மூவாயிரத்து இருநூறு, வெட்டுக்கூலி ஆயிரத்து எண்ணூறு, டீசல் ஆயிரம், துவைக்கிற கல் ஒன்று அறுநூற்றைம்பது வீதம் ஏழு, திரும்ப நட்ட கூலி முந்நூற்றைம்பது. ஆக மொத்தம் பதினைந்தாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.